லண்டன்காரன் பாகம் பிரிச்சான், இளம்பிள்ளைல எனக்கு செலவு: அஞ்சு ரோடு எக்ஸ்போர்ட் பேப்பர் ஆபீஸ் பத்தி நாலு வருஷ அனுபவம்

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன். மொதல்ல ஒண்ணு, இது கொரியர் கடை இல்லைங்க. நெறைய பேரு வந்து "பார்சல் வாங்க மாட்டேன்னுட்டாங்க"ன்னு கோவத்துல ஒத்தை ஸ்டார் போட்டுட்டு போயிருக்காங்க, பாவம். இவங்க பெட்டிய தொடவே மாட்டாங்க. வெளிநாட்டுக்கு சரக்கு அனுப்பறவங்களுக்கு பேப்பர் ரெடி பண்ணித் தர்றதுதான் வேலை. ஐஈசி (ஏற்றுமதி பண்றவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்கற நம்பர்) எடுத்து தர்றது, பேங்க்ல ஏடி கோடு (ஏற்றுமதிக் காசு வர்ற பேங்க்கோட நம்பர்) வாங்கி பதியறது, ஜிஎஸ்டிக்கு வருஷா வருஷம் எல்யூடி (வரி கட்டாம ஏற்றுமதி பண்றதுக்கு எழுதிக் குடுக்கற உறுதி) போடறது, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எச்எஸ் கோடு (சரக்கு எந்த வகைன்னு சுங்கத்துக்கு சொல்ற நம்பர்), அந்த ஊர்ல வரி எவ்வளவு வரும்னு முன்கூட்டியே சொல்றது, இதெல்லாம். ஐஈசிக்கு கவர்மெண்ட் ஃபீஸ் 500 ரூபாதான், அதுக்கு 5000 கேக்கற ஆளுங்களும் நம்ம ஊர்ல இருக்காங்க, இந்த ஆபீஸ் ஓனர் 500க்கு மேல தன் கூலி எவ்வளவுன்னு தனியா எழுதியே குடுப்பாரு.

இடம் சேலம் அஞ்சு ரோட்டுல இருந்து சாரதா காலேஜ் ரோட்டுப் பக்கம் திரும்பறப்ப வருது. கீழ மொபைல் கடை, மாடிப்படி ஒத்தை ஆள் அகலம், எதிர்ல ஒருத்தர் இறங்குனா நாம திரும்ப கீழ வந்துதான் வழி விடணும். பார்க்கிங்னு ஒண்ணு கிடையவே கிடையாது, பாலத்துக்கு கீழ எங்கயாச்சும் வண்டிய சொருகிட்டு வாங்க.

சரி நான் ஏன் இங்க போனேன்ங்கறதுதான் பெரிய கதை, பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு பிரிஞ்சுதே, அந்த பிரெக்ஸிட் கதை, அத சொன்னாதான் இந்த ஆபீஸ் எதுக்கு உபயோகம்னு புரியும்.

எங்களுக்கு சேலம் பக்கத்துல இளம்பிள்ளை. வீட்டுக்காரருக்கு ஆறு விசைத்தறி, அது போக அக்கம் பக்கத்து தறிக்காரங்க புடவையும் நான் எடுத்து விக்கறேன். 2014ல இருந்து லண்டன்ல ஒரு அண்ணன் எங்ககிட்ட சரக்கு எடுக்கறாரு, யாழ்ப்பாணத்துக்காரர், ஈஸ்ட் ஹாம்ல கடை. மாசம் மூணு பெட்டி. அதுல பாதி அவர் கடைக்கு, மீதி பாதிய சொந்த வேன்ல ஏத்திக்கிட்டு பாரிஸ் போயி லாச்சப்பல்ல இருக்கற தமிழ்க் கடைங்களுக்கு குடுப்பாரு. "காலமை டோவர்ல கப்பல் ஏறினால் மத்தியானம் லாச்சப்பல்ல தேத்தண்ணி குடிக்கலாம் தங்கச்சி"ன்னு பெருமையா சொல்லுவாரு. எனக்கு அப்ப இது பெரிய விஷயமா தெரியல. நம்ம ஓமலூர்ல இருந்து தர்மபுரி போற மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன். உண்மையிலயே அப்படித்தான் இருந்துச்சு, ஐரோப்பிய யூனியனுக்குள்ள ஒரு நாட்டுல சரக்கு இறங்கி வரி கட்டியாச்சுன்னா அப்புறம் எந்த நாட்டுக்கும் சுங்கம்னு ஒருத்தர் வந்து நிறுத்த மாட்டாங்க.

2016 ஜூன் 23 அன்னைக்கு பிரிட்டன்ல ஓட்டு போட்டாங்க, 51.9 சதவீதம் பேர் யூனியனை விட்டு வெளிய போகணும்னு, 48.1 இருக்கணும்னு. நான் அன்னைக்கு நியூஸ்கூட பாக்கல. அடுத்த நாள் பவுண்டு டாலருக்கு எதிரா 8 சதவீதம் விழுந்துச்சு, 31 வருஷத்துல இவ்வளவு கீழ வந்ததில்லைன்னாங்க. எங்க ரேட்டு பவுண்டுல பேசுனது. போன மாசம் அனுப்புன மூணு பெட்டிக்கு காசு வந்தப்ப பேங்க் மெசேஜ பாத்துட்டு வீட்டுக்காரர் "நீ ஏதாச்சும் தள்ளுபடி குடுத்தியா"ன்னு கேட்டாரு. ஒரு பைசா தள்ளுபடி குடுக்கல, யாரோ எங்கயோ ஓட்டு போட்டதுக்கு நான் தள்ளுபடி குடுத்திருக்கேன்.

இதுல பெரிய வேடிக்கை, அந்த அண்ணனும் வெளிய போகணும்னுதான் ஓட்டு போட்டாராம். ரெண்டு வருஷம் கழிச்சுதான் சொன்னாரு. "போலந்துக்காரன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து இறங்கலாம், எங்கட மருமோனுக்கு விசா இல்லையாம், இதென்ன நியாயம்"னு. ஐரோப்பாவை விட்டா காமன்வெல்த் நாட்டு ஆளுங்களுக்கு கதவு தெறக்கும்னு அங்க சொல்லிக்கிட்டு திரிஞ்சாங்க போல. வாரம் 350 மில்லியன் பவுண்டு யூனியனுக்கு அனுப்பறோம், அத ஆஸ்பத்திரிக்கு குடுக்கலாம்னு சிவப்பு பஸ்ல எழுதி ஊர் ஊரா ஓட்டுனாங்க, அந்தக் கணக்கு ஆளுங்கள தப்பா நெனைக்க வெக்குதுன்னு அவங்க நாட்டு புள்ளிவிவர ஆணையமே சொல்லியும் பஸ் நிக்கல. நம்ம ஊர் தேர்தல் வாக்குறுதி எல்லாம் நெனப்புக்கு வருது இல்ல.

அப்புறம் நாலரை வருஷம் பேசுனாங்க பேசுனாங்க பேசிக்கிட்டே இருந்தாங்க. 2020 ஜனவரி 31ல பேருக்கு வெளிய வந்தாங்க, ஆனா அந்த வருஷம் முழுக்க பழைய விதியேதான் ஓடுச்சு, டிசம்பர் 31 ராத்திரியோட அதும் முடிஞ்சுது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, டிசம்பர் 24, ஒப்பந்தம் ஆயிருச்சுன்னு டிவில வந்துச்சு. அண்ணன் போன் போட்டு "வரி சைபராம், கோட்டாவும் இல்லையாம், ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ"ன்னாரு. நானும் பொங்கலுக்கு நாலு பெட்டியா அனுப்புனேன்.

ஜனவரி மூணாவது வாரம் வேன் டோவர் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பி வந்துருச்சு. 200 புடவை. ஏற்றுமதி டிக்ளரேஷன் எங்க, ஐரோப்பா சுங்கத்துல பதிஞ்ச ஈஓஆர்ஐ நம்பர் எங்க, யாரு இறக்குமதியாளர், சரக்கு எந்த நாட்டுல செஞ்சதுன்னு கேட்டிருக்காங்க, அண்ணன்கிட்ட கடை பில்லு புக்குதான் இருந்துச்சு.

வரி சைபர்னாங்களே, அப்புறம் ஏன்? இந்தக் கேள்விக்கு லண்டன்ல அண்ணனுக்கு பதில் சொல்ல ஆள் இல்ல, எனக்கு சேலத்துல கிடைச்சாரு. சொந்தக்கார பையன் ஒருத்தன் கொலுசு அனுப்பறவன், அவன்தான் "அத்தை, அஞ்சு ரோட்டுல ஒருத்தர் இருக்காரு, போயி பாருங்க"ன்னு இந்த ஆபீஸ காட்டுனான்.

ஓனருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். அவங்க அப்பா சப் ரிஜிஸ்டர் ஆபீஸ் திண்ணைல பத்திரம் எழுதுனவராம். அதனாலயோ என்னமோ எதைக் கேட்டாலும் பத்திரமாதான் சொல்லுவாரு. என் கதைய முழுசா கேட்டுட்டு கண்ணாடிய கழட்டி வெச்சுட்டு "இதுல ஒரு வில்லங்கம் இருக்குதுங்க அம்மணி"ன்னு ஆரம்பிச்சாரு.

"கூட்டுக் குடும்பமா இருக்கறப்ப களத்துல யாரு நெல்லு காயப்போட்டாலும் கேள்வி கெடையாது. பாகம் பிரிச்சு பத்திரம் பதிஞ்ச அன்னைக்கே என் களத்துல உன் நெல்லு ஏன்னு கேக்கலாம். இவங்க எழுதிக்கிட்ட ஒப்பந்தம் என்னன்னா, உன் தோட்டத்துல வெளைஞ்சத என் களத்துல ஓசில காயப்போட்டுக்க, என் தோட்டத்துல வெளைஞ்சத உன் களத்துல நான் போட்டுக்கறேன். அவ்வளவுதான். உங்க புடவை லண்டன்லயா வெளைஞ்சுது? இளம்பிள்ளைல வெளைஞ்சுது. அப்ப லண்டன் உள்ள போறப்ப ஒரு வரி, பாரிஸ் உள்ள போறப்ப இன்னொரு வரி."

எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. இத ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்னு சொல்றாங்க. அவரே ஒரு கதையும் சொன்னாரு, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்னு அங்க பெரிய கடை, அவங்களோட பெர்சி பிக்னு ஒரு மிட்டாய் ஜெர்மனில செய்யறது, அது இங்கிலாந்து கோடவுனுக்கு வந்து அங்க இருந்து அயர்லாந்து கடைக்கு போகுது, ஜெர்மனி மிட்டாய் திரும்ப ஐரோப்பாவுக்குள்ளயே போறதுக்கு வரி விழுகுதுன்னு 2021 ஆரம்பத்துல அந்தக் கம்பெனி தலைவரே புலம்புனாராம். அவ்வளவு பெரிய கடைக்கே அப்படின்னா ஈஸ்ட் ஹாம் அண்ணன் எம்மாத்திரம்.

வேற வழி இல்லையான்னு கேட்டேன். இருக்குதாம், லண்டன்ல வரி கட்டாமயே ட்ரான்சிட் பேப்பர்ல கடந்து போகலாம், ஆனா அதுக்கு கேரண்டி கட்டணும், அங்க ஒரு ஏஜென்ட் வெக்கணும், மாசம் ஒண்ணரை பெட்டிக்கு இது கட்டுபடியாகாது. "பாரிஸ் கடைக்காரரையே நேரா உங்ககிட்ட வாங்க சொல்லுங்க, லண்டன் வழியா சுத்தாதீங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு.

இந்த ஒரு வரிக்குத்தான் நான் இன்னைக்கும் நாலு ஸ்டார் குடுக்கறேன். வேற எவனா இருந்தாலும் ட்ரான்சிட்டுக்கு மாசா மாசம் பேப்பர் போட்டு காசு பாத்திருப்பான்.

ஆனா சொல்றது ஈசி. பாரிஸ்காரருக்கு தனியா ஈஓஆர்ஐ எடுக்க வெச்சு, அவர் ஊர்ல இறக்குமதி வாட் 20 சதவீதம்ங்கறத அவருக்கு புரிய வெச்சு, எச்எஸ் கோடு முடிவு பண்ணி, ஆறு மாசம் ஆச்சு. எச்எஸ் கோடுல இந்த ஆபீஸ அடிச்சுக்க ஆளு இல்ல. ஐரோப்பால நெய்த துணிக்கு பொது வரி 8 சதவீதம், தச்ச உடுப்புக்கு 12. புடவை எதுல சேரும்? அவர் எடுத்த எடுப்புல ஓரம் அடிச்சிருக்கா, குஞ்சம் கட்டிருக்கா, ப்ளவுஸ் தச்சு சேத்து அனுப்பறீங்களான்னு கேட்டாரு. இப்ப ரெடிமேடா மடிப்பு வெச்சு தச்ச புடவை ஒண்ணு ட்ரெண்டிங்ல இருக்குல்ல, அதையும் சாதா புடவையையும் ஒரே பெட்டில போட்டு ஒரே கோடு அடிச்சு அனுப்புறவங்க நெறைய பேரு. இவர் ரெண்டுக்கும் தனித்தனி லைன் போட்டுத்தான் இன்வாய்ஸ் அடிக்க விடுவாரு. நச்சரிப்புதான். ஆனா அங்க பெட்டிய பிரிச்சு பாத்தா தெரியும் யாரு புத்திசாலின்னு.

இன்னொண்ணு, "கிஃப்ட்னு போட்டு அனுப்புங்க"ங்கற வேலையே இவர்கிட்ட நடக்காது. நான் நடுவுல இன்ஸ்டாகிராம்ல லண்டன் பொண்ணுங்களுக்கு ஒண்ணு ரெண்டு புடவை நேரா வித்துப் பாத்தேன், மெய்யனூர்ல ஒருத்தர் "கிஃப்ட் போட்டா வரி வராதுக்கா"ன்னு ஐடியா குடுத்தாரு. இவர்கிட்ட கேட்டா மூஞ்சி மாறிருச்சு. அங்க கிஃப்ட்டுக்கு வரம்பே 39 பவுண்டு, ஐரோப்பால 45 யூரோ, அதும் நெஜமாவே சொந்தபந்தத்துக்கு அனுப்பறதுக்குத்தான். யூனியனோட பழைய விதி முடிஞ்ச கையோட, 2021 ஜனவரி 1ல இருந்து, அதுவரைக்கும் 15 பவுண்டுக்குள்ள இருந்த வாட் விலக்க அவங்க எடுத்துட்டாங்க, 135 பவுண்டுக்குள்ள விக்கறதுக்கு விக்கறவங்களே அந்த நாட்டு வாட் பதிஞ்சு கட்டணும். ஐரோப்பா அதே வருஷம் ஜூலை 1ல வேற மாதிரி ஒரு முறை கொண்டு வந்துச்சு, அங்க வரம்பு 150 யூரோ. முன்னாடி ஒரே வீடு ஒரே வாசல், இப்ப ரெண்டு வாசல்லயும் வேற வேற செருப்பு ஸ்டாண்டு. நான் அந்த சில்லறை வியாபாரத்தையே விட்டுட்டேன்.

சாயத்துலயும் இதே கூத்து. புற்றுநோய் வர்ற ஆசோ சாயம் இல்லைன்னு டெஸ்ட் ரிப்போர்ட் கேப்பாங்க, அது பழைய விதி, நல்ல விதியும்கூட, நம்ம சாயப்பட்டறைல நிக்கறவங்களுக்கும் அது நல்லதுதான். ஐரோப்பாவுக்கு ரீச்னு ஒரு கெமிக்கல் சட்டம் இருக்குது. வெளிய போனவங்க அதையே காப்பி அடிச்சு யூகே ரீச்னு தனியா வெச்சுக்கிட்டாங்க. ஐரோப்பா வருஷா வருஷம் பட்டியல்ல புதுசா சேக்குது, இவங்க மெதுவா வர்றாங்க. நான் ரெண்டு பட்டியலையும் பாக்க முடியுமா? கண்டிப்பான பட்டியலுக்கு ஒரே டெஸ்ட் எடுத்துட்டு ரெண்டு ஊருக்கும் அதையே ஓட்டறேன். விதிய நாமளே எழுதுவோம்னுதான் பிரிஞ்சு போனாங்க, கடைசில சரக்கு செய்யறவன் பெரிய சந்தையோட விதியத்தான் பாக்கறான். பொருள் ஐரோப்பா விதிப்படி இருக்குன்னு காட்டற சிஇ முத்திரைக்கு பதிலா யூகேசிஏன்னு சொந்த முத்திரை கொண்டு வந்தாங்க, தேதிய தள்ளித் தள்ளி போட்டு 2023ல நெறைய பொருளுக்கு சிஇ-யே செல்லும்னு அவங்களே சொல்லிட்டாங்க.

போன தடவை ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருத்தர் என் பக்கத்து சேர்ல உக்காந்திருந்தாரு, நாகலூர் பக்கம். காபி. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் 1820கள்ல கொண்டு வந்து நட்டது, இனிமே அந்தக் காபி ஐரோப்பாவுக்கு போகணும்னா காட்ட அழிச்சு வெளைய வெச்சது இல்லைன்னு தோட்டத்தோட அட்சரேகை தீர்க்கரேகை குடுக்கணுமாம், சட்டம் 2023ல போட்டு அமல் தேதிய தள்ளிக்கிட்டு இருக்காங்க. அதே காபி லண்டனுக்கு போனா இந்தப் பேப்பர் வேண்டாம். "அப்ப லண்டனுக்கே அனுப்பிருங்களேன்"னேன். "அங்க எவ்வளவு குடிப்பாங்கம்மா, வாங்கறவங்க இத்தாலியும் ஜெர்மனியும்தான"ன்னு சிரிச்சாரு. அவரு குடுத்த மிளகு அரை கிலோ நல்லா காரம், அதுக்கும் இந்த ரிவ்யூக்கும் சம்மந்தம் இல்ல, சும்மா சொன்னேன்.

வெயிட்டிங் நேரம் ஜாஸ்திதான். டோக்கன் குடுப்பாங்க, ஆனா டோக்கன் வரிசைப்படி கூப்புட மாட்டாங்க, அவசர சரக்குன்னு சொல்றவங்க முன்னாடி போயிருவாங்க. 2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் கூட்டம் டபுள் ஆயிருச்சு, அமெரிக்காவுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் ஐரோப்பா பக்கம் திரும்புனாங்க, கரூர் திருப்பூர்ல இருந்துகூட ஆளு வந்தாங்க. நான் கீழ எறங்கி ரெண்டு தட்டுவடை செட்டு சாப்ட்டு மேல வந்தாலும் என் நம்பர் வந்திருக்காது.

ஆனா அந்த வெயிட்டிங்லதான் சுவாரஸ்யமே. அவருக்கு பேச புடிக்கும், சுவத்துல ஒரு ஐரோப்பா மேப் ஒட்டி வெச்சிருக்காரு. வட அயர்லாந்து மேட்டர அவர் சொன்ன மாதிரி எந்த டிவிலயும் சொல்லல. அந்தத் தீவுல தெக்கு பாகம் அயர்லாந்து, யூனியன்ல இருக்குது. வடக்கு மூலை பிரிட்டன்காரனோடது, வெளிய போயிருச்சு. நடுவுல வேலி போடக்கூடாது, போட்டா 1998ல சண்டைய முடிச்சு போட்ட சமாதான ஒப்பந்தமே ஆட்டம் கண்டுரும். "இது வழிநடை பாத்தியம் மாதிரிங்க அம்மணி, நெலம் பிரிச்சாச்சு, ஆனா அண்ணன் வீட்டு மாடு தம்பி வாசல் வழியாத்தான் கெணத்துக்கு போகணும்"னாரு. அதனால வேலிய தூக்கி கடல்ல போட்டாங்க, இங்கிலாந்துல இருந்து பெல்பாஸ்ட்டுக்கு, சொந்த நாட்டுக்குள்ளயே சரக்கு போறதுக்கு பேப்பர். பிரிட்டனோடயே இருக்கணும்ங்கற யூனியனிஸ்ட் கட்சிக்கு அதுல கோவம், 2022 பிப்ரவரில இருந்து ரெண்டு வருஷம் மாகாண அரசாங்கத்தையே நடத்த விடல. 2023ல வின்சர்ல உக்காந்து பச்சை வழி சிவப்பு வழின்னு பிரிச்சு ஒரு சமரசம் போட்டாங்க. 2024 பிப்ரவரில திரும்ப அரசாங்கம் அமைஞ்சப்ப முதல் அமைச்சரா வந்தது மிஷெல் ஓநீல், அயர்லாந்தோட சேரணும்ங்கற கட்சி. பிரிட்டனோட பிடிப்ப கெட்டியாக்கணும்னு வெளிய போக ஓட்டு கேட்டவங்களுக்கு கிடைச்ச பலன் இது. ஸ்காட்லாந்துல 62 சதவீதம் பேரு இருக்கணும்னுதான் ஓட்டு போட்டாங்க, அவங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் வெளிய வந்தாங்க, அந்தப் பொறுமல் இன்னும் தீரல.

பிரதமர் மட்டும் எத்தனை பேரு. கேமரன் ஓட்டு முடிஞ்ச மறுநாளே போறேன்னுட்டாரு, அப்புறம் மே, ஜான்சன், டிரஸ்னு ஒரு அம்மா அம்பது நாள்கூட தாங்கல, சுனக், 2024ல ஸ்டார்மர். இந்த ஆபீஸ்ல டைப் அடிக்கற பொண்ணு மட்டும் மாறவே இல்ல.

காசுக் கணக்குக்கு வர்றேன். அங்க பட்ஜெட்ட சரிபாக்கற ஓபிஆர்னு ஒரு அமைப்பு இருக்குது, யூனியன்ல இருந்திருந்தா இருக்கறத விட நாட்டோட உற்பத்தித்திறன் நீண்ட காலத்துல 4 சதவீதம் குறையும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதம் குறையும்னு மதிப்பு போட்டிருக்காங்க. ஒரேயடியா எதுவும் இடிஞ்சு விழல, அதனாலதான் பாதி பேரு "என்ன ஆயிருச்சு இப்ப"ன்னு கேக்கறாங்க. கொஞ்சம் கொஞ்சமா கசியறது. எங்க லண்டன் அண்ணன் கணக்குல சொன்னா, வேன் வித்தாச்சு, ஓட்டுன தம்பி வேற வேலைக்கு போயாச்சு, மாசம் மூணு பெட்டி இப்ப ஒண்ணரை. கடை இருக்குது, ஆனா பாரிஸ் போச்சு.

எனக்கு? நான் தோத்தேனான்னு கேட்டா நேர்மையா சொல்லணும், முழுசா தோக்கல. பாரிஸ் கடைக்காரர் இப்ப நேரா எங்ககிட்ட எடுக்கறாரு, அவர் மூலமா ஜெர்மனில ஒரு கடையும் வந்திருக்குது. லண்டன் அண்ணன் நடுவுல வெச்சிருந்த லாபத்துல கொஞ்சம் எங்க பக்கம் வந்திருச்சுன்னு சொல்றதுக்கே ஒரு மாதிரியா இருக்குது, மனுஷன் எங்கள கைதூக்கி விட்டவரு. ஆனா முன்னாடி மாசம் ஒரு செட் பேப்பர், இப்ப மூணு செட். ஒரு செட்டுக்கு இந்த ஆபீஸ்ல 1800 ரூபா. சின்னச் சின்ன பெட்டியா போறதால கிலோவுக்கு விமானக் கூலியும் ஏறிப்போச்சு.

மருமகன் விசா கதையும் கேளுங்க. ஐரோப்பாக்காரங்க இஷ்டத்துக்கு வர்றது நின்னுச்சு, ஆனா ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆளு வேணுமே, அதனால வெளிநாட்டு விசாவ தெறந்து விட்டாங்க. 2023ல கணக்கு பாத்தப்ப ஒரு வருஷத்துல வந்தவங்கள்ல போனவங்கள கழிச்சா 9 லட்சத்துக்கு மேல. வர்றவங்கள குறைக்கணும்னு ஓட்டு போட்ட ஊர்ல! எங்க தெருப் பொண்ணு ஒண்ணு சேலத்துல நர்சிங் முடிச்சுட்டு அந்த அலைலதான் போச்சு. இப்ப திரும்ப இறுக்கிட்டாங்க. அண்ணனோட மருமகன் இதுக்குள்ள கனடாவுக்கு போயி செட்டில் ஆயிட்டாராம்.

வெளிய போனதுல அவங்களுக்கு ஆதாயமே இல்லைன்னும் சொல்ல முடியாது. யூனியனுக்குள்ள இருந்தா தனியா எந்த நாட்டோடயும் வரி ஒப்பந்தம் போட முடியாது, வெளிய வந்ததாலதான் 2025 ஜூலை 24ல நம்ம நாட்டோட கையெழுத்து போட்டாங்க. அந்த ஒப்பந்தப்படி லண்டனுக்கு போற நம்ம புடவைக்கு வரி இருக்காது. ஆனா அதுல அவங்களுக்கு வர்ற லாபம் அவங்க அரசாங்கமே போட்ட கணக்குப்படி நாட்டு வருமானத்துல 0.1 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. அந்தப் பக்கம் 4, இந்தப் பக்கம் 0.1. 2025 மே 19ல ஐரோப்பாவோட திரும்ப உக்காந்து உணவுப் பொருள் சோதனைய குறைக்கலாம்னு பேச ஒத்துக்கிட்டாங்க, பதிலுக்கு மீன் புடிக்க 12 வருஷத்துக்கு அனுமதி. வேலி போட்டாச்சு, இப்ப திட்டி வாசல் வெக்கறாங்க.

நாமளும் 2019 நவம்பர்ல பாங்காக்ல ஆர்செப்ங்கற ஆசிய நாடுகளோட வியாபார ஒப்பந்தம் வேண்டாம்னு வந்தோமேன்னு அவர்கிட்ட ஒரு நாள் கேட்டேன். "அது பந்திக்கே உக்காராம வந்தது. இவங்க உக்காந்து 47 வருஷம் சாப்ட்டுட்டு பாதில எந்திரிச்சாங்க, எலைய யாரு எடுக்கறதுன்னு தகராறு"ன்னாரு. இது சரியான ஒப்பீடான்னு எனக்கு தெரியல, ஆனா கேக்க நல்லா இருந்துச்சு.

இப்ப அந்த ஒரு ஸ்டார். போன வருஷம் தீபாவளி சரக்குல பாரிஸ்காரரோட ஈஓஆர்ஐ நம்பர்ல ஒரு எழுத்த மாத்தி அடிச்சுட்டாங்க. பெட்டி அங்க போயி ஆறு நாள் கெடந்துச்சு. தீபாவளிக்கு முந்தின நாள் கடைக்கு போயி சேந்துச்சு, அன்னைக்கு யாரு புடவை எடுத்து எப்ப ப்ளவுஸ் தைப்பாங்க. நாலு நாளா போன் அடிச்சேன், எடுக்கவே இல்ல, நேர்ல மாடி ஏறி வந்து நின்னப்புறம்தான் "நெட்டு ஸ்லோ அம்மணி"ங்கறாரு. தப்பு எங்களுதுன்னு ஒத்துக்கிட்டு அவர் கூலி 1800ஐ திருப்பிக் குடுத்தாரு, குடோன் வாடகை பாரிஸ்ல விழுந்தது 110 யூரோ, அத நான்தான் கட்டுனேன். பத்திரத்துல சர்வே நம்பர ஒரு இலக்கம் மாத்தி எழுதுனா உங்க அப்பா என்ன பண்ணுவாருன்னு கேட்டேன், பதிலே பேசல. இந்த வருஷம் அந்தப் பொண்ணு ஒவ்வொரு நம்பரையும் சத்தமா படிச்சு என்னை சரி சொல்ல வெச்சுட்டுத்தான் ப்ரிண்ட் குடுக்குது. ஆனா போன் இன்னும் எடுக்கறதில்ல. அதனால நாலு.

போறவங்களுக்கு: ஐஈசிய வருஷா வருஷம் ஏப்ரல் ஜூன் மாசத்துக்குள்ள அப்டேட் பண்ணணும், மறந்தா முடங்கிரும், அத இவங்க ஞாபகப்படுத்துவாங்கன்னு நம்பாதீங்க. லண்டனுக்கு அனுப்பறவங்க நூல் வாங்கன பில்லையெல்லாம் இப்ப இருந்தே ஃபைல் பண்ணி வெச்சுக்கங்க, புது ஒப்பந்தத்துலயும் எங்க செஞ்ச சரக்குன்னு காட்டுனாத்தான் வரி சைபர், இந்த விஷயத்துல ஒருதடவை சூடு பட்டாச்சு. இன்வாய்ஸ் அடிச்சு முடிச்சதும் அங்கயே உக்காந்து ஒவ்வொரு எழுத்தா படிச்சுட்டு எந்திரிங்க. காலைல பத்தரைக்கு மேலதான் தெறக்கறாங்க, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல போகாதீங்க, போர்டுல ஆறு மணி வரைக்கும்னு போட்டிருக்கும், பூட்டியிருக்கும்.